பூத் ஜொலோகியா: ஒரு பிடி விதை சாதனையாக மாற ஏன் இத்தனை வருஷம் ஆனது?

பூத் ஜொலோகியா என்றதும் எல்லோருக்கும் 10 லட்சம் என்ற எண்தான் நினைவுக்கு வரும். காரத்தை அளக்கும் ஸ்கோவில் அலகில் 10,01,304, 2006 கடைசியில் கின்னஸ் ஒப்புக்கொண்டது, அன்றைக்கு உலகத்திலேயே காரமான மிளகாய். எனக்கு அந்த எண்ணைவிட அதற்கு முன்னால் கிடக்கும் இடைவெளிதான் பெரிதாகப் படுகிறது. விதை இந்தியாவிலிருந்து அமெரிக்காவின் நியூ மெக்சிகோவுக்குப் போனது 2001-ல். வயலில் நட்டு முறையாகக் காரம் அளந்தது 2005-ல். நடுவில் அத்தனை வருஷம் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? வெளிநாட்டு மிளகாய் விதையை ஆசையாகக் கொண்டுவந்து, வளர்த்து, தெரிந்தவர்களுக்கெல்லாம் கொடுக்கிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய சமாச்சாரம் பெரும்பாலும் அந்த நடுப்பகுதியில்தான் இருக்கிறது. அதனால் இங்கே சாதனையைப் பற்றிக் கொஞ்சமாகவும் விதையைப் பற்றி நிறையவும் எழுதப்போகிறேன்.

முதலில் பின்னணி. அசாமில் தேஜ்பூரில் இருக்கும் பாதுகாப்பு ஆராய்ச்சி ஆய்வகத்து விஞ்ஞானிகள், அந்தப் பக்கத்து மிளகாய் ஒன்று 8,55,000 ஸ்கோவில் அலகு காட்டியதாக 2000-ல் வெளியிட்டார்கள். அப்போது கின்னஸ் சாதனை கலிஃபோர்னியாவில் வளர்ந்த ரெட் சவினா ஹபனேரோ என்ற மிளகாயின் பெயரில் இருந்தது, 5,77,000. ஒரே தாவலில் கிட்டத்தட்ட 3 லட்சம் கூடுதல் என்றால் யாரும் சட்டென்று நம்பிவிட மாட்டார்கள். அந்த அறிக்கையில் இதைக் காப்சிகம் ஃப்ரூட்டசென்ஸ் இனம் என்று போட்டிருந்தார்கள். அதாவது நம் காந்தாரி மிளகாய் சேர்ந்த இனம். வடகிழக்கில் இந்தச் செடி யாருக்கும் புதிதில்லை. அசாமில் பூத் ஜொலோகியா, மணிப்பூரில் உமரோக், நாகாலாந்தில் ராஜா மிர்ச்சா, எல்லை தாண்டி வங்கதேசத்தின் சில்ஹெட் பக்கம் நாகா மொரிச் என்று வீட்டுத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக இருப்பது. மூங்கில் குருத்து ஊறுகாயிலும், கருவாட்டுச் சட்னியிலும், புகையில் வாட்டிய பன்றிக்கறியிலும் ஒரு துண்டு போட்டால் குடும்பத்துக்கே போதும்.

நியூ மெக்சிகோ மாநிலப் பல்கலைக்கழகம் லாஸ் குரூசெஸ் ஊரில் இருக்கிறது. நூறு வருஷத்துக்கு மேலாக மிளகாயில் வேலை செய்யும் இடம். ஃபேபியன் கார்சியா என்ற தோட்டக்கலை அறிஞர் 1913-லேயே அங்கே ‘நியூ மெக்சிகோ 9’ என்ற ரகத்தை வெளியிட்டிருந்தார். அங்கே 1992-ல் தொடங்கிய மிளகாய் ஆய்வு நிறுவனத்துக்கு அப்போது பால் பாஸ்லண்ட் என்ற பேராசிரியர் தலைவராக இருந்தார். தேஜ்பூர்ச் செய்தி உண்மையா என்று பார்க்க வேண்டுமானால் ஒரே வழி, அந்த விதையை வரவழைத்து, ரெட் சவினாவுக்குப் பக்கத்திலேயே நட்டு, இரண்டையும் ஒரே மாதிரி அளப்பது. விதை 2001-ல் வந்து சேர்ந்தது.

வந்ததும் அடுத்த வருஷமே வயலில் போட்டிருக்கலாமே என்று தோன்றும். முடியவில்லை. செடி வளர்ந்தது, பூத்தது, ஆனால் காய் பிடிக்கவே மறுத்தது; பிடித்த காயிலும் விதை கொஞ்சம்தான். இது இரண்டு இனங்களின் கலப்பில் வந்த செடி என்பது பின்னால் தெரிந்தது, அப்படிப்பட்ட செடிகளில் விதை குறைவாகப் பிடிப்பது சகஜம். அதோடு ஊரும் மாறிவிட்டது. பிரம்மபுத்திராக் கரையின் ஈரக்காற்றில் இருந்த செடியைக் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,200 மீட்டர் உயரத்தில், கோடையில் 38 டிகிரி தாண்டுகிற வறண்ட ஊரில் வைத்தால் பூ உதிராமல் என்ன செய்யும். ஆகவே வயல் சோதனைக்குப் போதுமான விதை சேர்க்கவே சில வருஷங்கள் ஆகிவிட்டன. அந்த வருஷங்களில் செடிகள் பூச்சி நுழையாத வலைக் கூண்டுக்குள் இருந்தன.

இந்த வலைக் கூண்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் விதை பகிர்கிறவர்கள் பெரும்பாலும் கோட்டை விடுவது இங்கேதான். மிளகாய்ப் பூ தன் மகரந்தத்தாலேயே காய் பிடிக்கும், அது சரி. அதை வைத்துக்கொண்டு ‘மிளகாய் கலக்காது’ என்று ஒரு பேச்சு உலவுகிறது. கலக்கும். தேனீயும் எறும்பும் இலைப்பேனும் ஒரு பூவிலிருந்து இன்னொரு பூவுக்கு மகரந்தத்தைத் தாராளமாகக் கொண்டுபோகும். இடத்தையும் பூச்சி நடமாட்டத்தையும் பொறுத்து அயல் மகரந்தத்தில் உண்டான விதையின் பங்கு சில வயல்களில் 90 சதவீதம் வரைகூடப் போனதாக ஆய்வுகள் உண்டு. அதனால்தான் நம் நாட்டு விதைச் சான்று விதிகளில் மிளகாய் ஆதார விதைக்கு 400 மீட்டர், சான்று விதைக்கு 200 மீட்டர் இடைவெளி கேட்கிறார்கள். மொட்டைமாடியில் பத்துத் தொட்டியில் பத்து ரகம் வைத்திருக்கிறவர் இந்த இடைவெளிக்கு எங்கே போவார்? வலைதான் ஒரே வழி.

இதில் இன்னொரு குழப்பமும் இருக்கிறது. குடைமிளகாய்க்குப் பக்கத்தில் காரமிளகாய் வைத்தால் குடைமிளகாய் காரமாகிவிடும் என்று நிறையப் பேர் உறுதியாகச் சொல்வார்கள். இந்த வருஷக் காய் மாறாது. காயின் சதையும் நரம்பும் தாய்ச் செடியின் உடம்பு. அப்பா யார் என்பது உள்ளே இருக்கும் விதையில் மட்டும்தான் பதிவாகும். அடுத்த வருஷம் அந்த விதையைப் போட்டு, அது காய்த்த பிறகே கலப்பு தெரியவரும். கலந்த விதையைப் பார்த்தால் கலக்காத விதை மாதிரியே இருக்கும், முளைப்பதும் அதே மாதிரிதான், நாற்றும் ஏறத்தாழ அதேதான். கொடுத்தவருக்கும் தெரியாது, வாங்கினவருக்கும் ஐந்தாறு மாசம் கழித்துத்தான் தெரியும். அதற்குள் வாங்கினவர் இன்னும் நாலு பேருக்குக் கொடுத்திருப்பார்.

லாஸ் குரூசெஸில் இந்த வலைக் கூண்டு இல்லாமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். சுற்றிலும் மிளகாய் வயல்கள், ஆய்வு நிலத்திலேயே எத்தனையோ ரகங்கள். முதல் வருஷம் பிடித்த அந்தச் சொற்ப விதையில் பாதி ஹபனேரோ கலப்பாகவும் மீதி உள்ளூர்ப் பச்சைமிளகாய்க் கலப்பாகவும் ஆகியிருக்கும். 2005-ல் அதை அளந்து, அசாம்காரர்கள் சொன்னது பொய் என்று எழுதியிருப்பார்கள். அது தேஜ்பூர் ஆய்வகத்துக்கு மட்டுமல்ல, அந்தச் செடியைக் காப்பாற்றி வைத்திருந்த ஊர்க்காரர்களுக்கும் அநியாயமாகப் போயிருக்கும்.

2005-ல் ஒருவழியாக விதை சேர்ந்து, பூத் ஜொலோகியாவும் ரெட் சவினாவும் ஆரஞ்சு ஹபனேரோவும் ஒரே நிலத்தில் ஒரே நேரத்தில் நடப்பட்டன. பழுத்த காயை உலர்த்திப் பொடித்து, அதிலுள்ள காரப்பொருளைப் பிரித்துக் காட்டும் நிறப்பிரிகைக் கருவியில் அளந்தார்கள். அந்தக் காலத்தில், வில்பர் ஸ்கோவில் 1912-ல் கொண்டுவந்த முறையில் சர்க்கரைத் தண்ணீரில் கரைத்து, காரம் நாக்குக்குத் தெரியாமல் போகும்வரை மனிதர்களைக் குடிக்கவைத்துப் பார்த்தார்கள். இப்போது காரம் தரும் கேப்சைசின் வகைப் பொருள்கள் 10 லட்சத்தில் எத்தனை பங்கு என்று கருவி சொல்வதை 16-ஆல் பெருக்கி ஸ்கோவில் அலகாக்குகிறார்கள். பூத் ஜொலோகியாவுக்கு வந்தது 10,01,304. கணக்கைத் திருப்பிப் போட்டால் உலர்ந்த மிளகாயின் எடையில் 6 சதவீதத்துக்கு மேல் வெறும் காரம்! ஆரஞ்சு ஹபனேரோ 3,57,729. ரெட் சவினா 2,48,556.

கடைசி எண்ணைக் கவனித்தீர்களா? 5,77,000 என்று சாதனை வைத்திருந்த ரகம், இந்த நிலத்தில் அதில் பாதிகூட வரவில்லை. அந்தப் பழைய சாதனை தவறு என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. காரம் என்பது விதையில் பாதி, ஊரில் பாதி. இதற்கு நம் நாட்டிலேயே சாட்சி இருக்கிறது: அதே தேஜ்பூர் விதையைக் குவாலியரில் போட்டு குவாலியர் பாதுகாப்பு ஆய்வகம் 2005-ல் வெளியிட்ட ஆய்வில், காரம் பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. வெயிலில் பெரிய வித்தியாசமில்லை, குவாலியர் வறண்ட ஊர், தேஜ்பூர் ஈரமான ஊர். ஆகவே விதைப் பொட்டலத்தில் ‘10 லட்சம் ஸ்கோவில்’ என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்துவிட்டு, மதுரை வெயிலில் தொட்டியில் காய்த்தது அவ்வளவு காரமில்லை, விதை போலி என்று முடிவு கட்டாதீர்கள். அந்த எண் அந்த நிலத்துக்கும் அந்த வருஷத்துக்கும் உரியது.

நியூ மெக்சிகோ ஆய்வுக் குழு மரபணுக் குறியீடுகளையும் பார்த்தது. பூத் ஜொலோகியா பெரும்பாலும் காப்சிகம் சைனென்ஸ், அதாவது ஹபனேரோ சேர்ந்த இனம். அதில் ஃப்ரூட்டசென்ஸ் இனத்தின் பங்கு கொஞ்சம் ஏறியிருக்கிறது. யாரும் திட்டம் போட்டு ஒட்டியதில்லை, தோட்டங்களில் தானாக நடந்த கலப்பு என்று 2007-ல் எழுதினார்கள். இரண்டு இனமுமே தென் அமெரிக்காவைப் பூர்வீகமாகக் கொண்டவை. போர்ச்சுகீசியர் 16-ஆம் நூற்றாண்டில் மிளகாயை இந்தியாவுக்குக் கொண்டுவந்த பிறகு ஏதோ ஒரு கட்டத்தில், ஏதோ ஒரு பாதையில் இவை வடகிழக்கு மலைகளுக்குப் போய், அங்கே சேர்ந்து, அந்த ஊர்ப் பெண்கள் வருஷா வருஷம் நல்ல காயாகப் பார்த்து விதை எடுத்து வைத்ததில் இந்த மிளகாய் ஆனது. அமெரிக்கக் கண்டத்துச் செடி அசாமில் உருமாறி, திரும்ப அமெரிக்காவுக்கே விதையாகப் போயிருக்கிறது. மிளகாய் விதையில் ‘வெளிநாட்டு விதை’, ‘நம் விதை’ என்று கோடு போடுவது எவ்வளவு கஷ்டம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

சாதனைச் செய்தி வந்ததும் உலகம் முழுக்க விதைக்கு ஆள் தேட ஆரம்பித்தார்கள். நியூ மெக்சிகோ நிறுவனமே விதையை விற்றது, அந்தப் பணம் ஆய்வுக்குப் போனது. இதே காலத்தில் இங்கிலாந்தில் இன்னொரு கிளை ஓடிக்கொண்டிருந்தது. டார்செட் மாவட்டத்தில் மிளகாய்ப் பண்ணை வைத்திருந்த ஜாய் மிஷோ, மைக்கேல் மிஷோ தம்பதி, போர்ன்மவுத் ஊரில் ஒரு வங்கதேசத்துக் கடையில் கிடைத்த நாகா மொரிச் காயிலிருந்து விதை எடுத்தார்கள். காய்கறியாக வாங்கியதுதான். பிளாஸ்டிக் குடிலில் வளர்த்து, நல்ல செடியாகப் பார்த்துப் பார்த்து அடுத்த வருஷத்துக்கு விதை எடுத்து, சில பருவங்களில் ஒரே சீராகக் காய்க்கும் வரிசை ஒன்றை உருவாக்கி, அதற்கு டார்செட் நாகா என்று பெயரிட்டார்கள். 2006-ல் செய்தியில் அடிபட்டபோது அதன் காரம் 9 லட்சத்தைத் தாண்டியிருந்தது. குளிர்நாட்டில், பெரிய ஆய்வகம் எதுவும் இல்லாமல், ஒரு குடும்பம் செய்த வேலை இது. இதிலும் அதே பொறுமைதான் வேலை செய்திருக்கிறது.

அப்புறம் வேகம் பிடித்தது, கூடவே குழப்பமும். டிரினிடாட் தீவு மிளகாய் ஒன்றின் விதை மிசிசிப்பியைச் சேர்ந்த புட்ச் டெய்லர் கையில் பெருகி, அங்கிருந்து ஆஸ்திரேலியா போய், அங்கே காய்த்து 2011-ல் 14,63,700 என்று சாதனை படைத்தது. அவர் பெயரையே சுருக்கி ‘புட்ச் டி’ என்று ரகத்தோடு ஒட்டிவைத்தார்கள். 2013-ல் தென் கரோலினாவின் எட் கர்ரி உருவாக்கிய கரோலினா ரீப்பர் வந்தது, 15,69,300. அதன் பெற்றோராகச் சொல்லப்படுவது பாகிஸ்தான் வழி வந்த ஒரு நாகாவும், செயின்ட் வின்சென்ட் தீவின் ஒரு ஹபனேரோவும். எல்லாமே யாரோ ஒருவர் கடல் தாண்டிக் கொடுத்த விதையின் பிள்ளைகள். ஆனால் ரீப்பர் என்ற பெயரில் உலகெங்கும் சுற்றிய விதையில் எத்தனை உண்மையான ரீப்பர் என்பது வேறு விஷயம். திறந்த வெளியில் காய்த்த காயிலிருந்து எடுத்த விதையை மூலப்பெயரிலேயே பொட்டலம் போட்டு அனுப்பியவர்கள் ஏராளம். எனக்கும் ரீப்பர் என்று ஒரு பொட்டலம் தபாலில் வந்து, வால் நீண்ட சொரசொரப்பான சிவப்புக் காய்க்குப் பதிலாக வழவழப்பான மஞ்சள் காய் காய்த்தது. கொடுத்தவர் ஏமாற்றவில்லை, அவருக்கு வந்ததையே அவர் அனுப்பியிருந்தார்.

எட் கர்ரி 2023-ல் பெப்பர் எக்ஸ் ரகத்துக்கு 26,93,000 என்று அடுத்த சாதனையை வாங்கியபோது விதையை வெளியே விடப்போவதில்லை என்று சொல்லிவிட்டார். ரீப்பர் விதை கைமாறிக் கைமாறிப் போனதில் அவர் பட்ட நஷ்டத்தை நினைத்தால் அது புரிகிறது. ஆனாலும் எனக்கு வருத்தம்தான். பெயர் தெரியாத எத்தனையோ பேர் காசு வாங்காமல் கொடுத்த விதைகளின் மேல் எழுந்த ஒன்று, கடைசியில் பூட்டிய அறைக்குள் போய்விடுகிறது.

இந்த இடத்தில் விதை புறப்பட்ட ஊருக்கு என்ன கிடைத்தது என்று கேட்காமல் இருக்க முடியவில்லை. பூத் ஜொலோகியா அமெரிக்கா போனது 2001-ல். வெளிநாட்டினர் இங்கிருந்து உயிரியல் வளத்தை எடுத்துப் போக அனுமதி பெற வேண்டும் என்கிற நம் பல்லுயிர்ச் சட்டம் வந்தது 2002-ல். அந்த அனுமதியைத் தரும் தேசியப் பல்லுயிர் ஆணையம் 2003-லிருந்து சென்னையில் இயங்குகிறது. ஆகவே சட்டத்தை மீறினார்கள் என்று யாரையும் குற்றம் சொல்ல இடமில்லை. நாகாலாந்து தன் பங்குக்கு ‘நாகா மிர்ச்சா’வுக்குப் புவிசார் குறியீடு வாங்கியது 2008-ல், அந்தப் பதிவகமும் சென்னை கிண்டியில்தான் இருக்கிறது. 2021 ஜூலையில் நாகாலாந்தின் ராஜா மிர்ச்சா முதல்முறையாகக் குவாஹாட்டி வழியாக விமானத்தில் லண்டனுக்கு ஏற்றுமதியானது. மிஷோ தம்பதி நாகா விதையை இங்கிலாந்து மண்ணில் போட்டு இரண்டு பத்தாண்டு ஆகப்போகிற நேரத்தில்தான் நாகாலாந்துக் காய் அங்கே போய் இறங்கியிருக்கிறது. இதைச் சட்டத்தால் மட்டும் சரிசெய்ய முடியாது, கொடுக்கிற வாங்குகிற மனிதர்களால் கொஞ்சம் முடியும். விதைப் பொட்டலத்தில் ரகத்தின் பெயரோடு அது எந்த ஊரிலிருந்து, எந்தச் சந்தையிலிருந்து, யாருடைய தோட்டத்திலிருந்து வந்தது என்று எழுதிவைக்கும் பழக்கம் இருந்தாலே, பத்துக் கை மாறினாலும் ஊர்ப் பெயர் அழியாது. அதை எழுதாமல் ‘கோஸ்ட் பெப்பர்’ என்று பூத் ஜொலோகியாவின் ஆங்கிலப் பெயரை மட்டும் எழுதிக் கொடுப்பதை நான் பகிர்வாகவே எடுத்துக்கொள்வதில்லை.

சரி, அடுத்தது நோய். இதுதான் பலர் கேட்க விரும்பாத பகுதி. விதையோடு வைரஸ் வரும். தக்காளிப் பழுப்பு நிறச் சுருக்கப் பழ வைரஸ் என்று ஒன்று, 2014-ல் இஸ்ரேலில் முதலில் கண்ணில் பட்டது. தக்காளியையும் மிளகாயையும் தாக்கும், விதையின் மேல்தோலில் ஒட்டிக்கொண்டு கண்டம் விட்டுக் கண்டம் போனது, ஒரு செடியைத் தொட்ட கையாலேயே அடுத்த செடிக்குப் பரவும். உருளைக்கிழங்கைக் கதிர்க்கோல் வடிவமாக்கும் வைராய்டு (வைரஸைவிடச் சிறிய நோய்க்கிருமி) மிளகாய்ச் செடியில் பெரிய அறிகுறி காட்டாமலே இருந்துவிட்டு, பக்கத்தில் இருக்கும் தக்காளிக்குப் போய் வேலையைக் காட்டும். விதையில் வராத பூச்சிகூட செடி, தொட்டி, மண் என்று ஏதோ ஒன்றோடு நாடு தாண்டி வந்தால் என்ன ஆகும் என்பதை நாம் பார்த்துவிட்டோம்: தென்கிழக்கு ஆசியாவின் இலைப்பேன் ஒன்று இந்தியாவில் 2015-ல் பெங்களூரில் பப்பாளியில் தென்பட்டது, 2021-ல் ஆந்திரா, தெலங்கானா மிளகாய் வயல்களில் பூவையே தின்று ஏக்கர் ஏக்கராக அழித்தது. கடன் வாங்கிப் பயிர் வைத்தவர்கள் செடியைப் பிடுங்கிப் போட்டார்கள். இதைத் தெரிந்துகொண்டு யாராவது சட்டைப்பையில் விதை மறைத்துக் கொண்டுவந்தேன் என்று பெருமையாகச் சொன்னால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

சட்டமும் தெளிவாகவே இருக்கிறது. இந்தியாவுக்குள் விதை கொண்டுவர 2003-ஆம் வருஷத்துத் தாவரத் தனிமைப்படுத்தல் ஆணைப்படி இறக்குமதி அனுமதியும், அனுப்பும் நாட்டின் தாவர நலச் சான்றிதழும் வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2019 டிசம்பர் 14 முதல் வெளிநாட்டிலிருந்து பயணி கையில் கொண்டுவரும் விதைக்கும் சான்றிதழ் கட்டாயம். 2020 கோடையில் அமெரிக்கர்கள் பலருக்குச் சீனாவிலிருந்து கேட்காமலே விதைப் பொட்டலங்கள் தபாலில் வந்தபோது, யாரும் நடாதீர்கள், எங்களுக்கு அனுப்புங்கள் என்று அந்நாட்டு விவசாயத் துறை சொன்னதன் காரணமும் இந்தப் பயம்தான். இதில் நமக்கு ஒரு வசதி இருக்கிறது. மிகக் காரமான மிளகாய்களில் ஒன்று நம் நாட்டுக்குள்ளேயே இருப்பதால் பூத் ஜொலோகியாவுக்கு யாரும் வெளிநாட்டுக்குப் போக வேண்டியதில்லை, குவாஹாட்டிச் சந்தையிலோ திமாப்பூர்ச் சந்தையிலோ நன்றாகப் பழுத்த காயாக வாங்கினால் போதும். ஹபனேரோவும் டிரினிடாட் வகைகளும்கூட இங்கே பல வருஷமாக வளர்த்து விதை எடுக்கிறவர்களிடம் இருக்கின்றன. உள்நாட்டில் விதையைச் சேமிக்கவும், பரிமாறவும், பகிரவும் 2001-ஆம் வருஷத்துப் பயிர் ரகங்கள் மற்றும் விவசாயிகள் உரிமைச் சட்டம் விவசாயிகளுக்கு உரிமை தந்திருக்கிறது. பதிவு செய்த ரகத்தை வணிக முத்திரை போட்டு விற்கக் கூடாது, அவ்வளவே.

இனி வளர்ப்பு. சைனென்ஸ் இன விதை முளைக்க நேரம் எடுக்கும், இரண்டு வாரத்திலிருந்து ஐந்து வாரம்கூட ஆகலாம், மண் 27 முதல் 32 டிகிரி சூடு கேட்கும். நம் ஊரில் சூட்டுக்குப் பஞ்சமில்லை, ஈரம் விடாமல் பார்த்துக்கொண்டால் போதும். நிறையப் பேர் பத்து நாளில் பொறுமை இழந்து தொட்டியைக் கொட்டிவிடுகிறார்கள். சமவெளியில் ஜூலை, ஆகஸ்டில் விதைத்தால் பூக்கும் நேரம் நவம்பர், டிசம்பரில் வரும். கோடையில் பூக்கும்படி விதைத்தால் பூ முழுக்கக் கொட்டும், லாஸ் குரூசெஸ் கதைதான் இங்கேயும். ஏற்காடு, குன்னூர் அடிவாரம், குமரி மாவட்டம் போன்ற ஈரப்பாங்கான இடங்களில் செடி தானே சந்தோஷமாக இருக்கும். மற்ற இடங்களில் மதிய வெயிலுக்கு நிழல்வலை கட்டுங்கள்.

விதைக்கென்று வைக்கும் கிளையில் என்ன செய்வது என்று விவரமாகச் சொல்கிறேன். நகைக்கடையில் மோதிரம் போட்டுத் தருவார்களே, சுருக்குக் கயிறு வைத்த மெல்லிய வலைப்பை, அது போதும். கிளை நுனியில் இன்னும் விரியாத மொட்டுகள் மட்டும் இருக்க வேண்டும். விரிந்த பூவும் ஏற்கெனவே பிடித்த பிஞ்சும் இருந்தால் கிள்ளிவிடுங்கள், அவற்றின் அப்பா யாரென்று தெரியாது. பையை மாட்டிச் சுருக்கை இறுக்கும்போது எறும்பு நுழையாமல் காம்பைச் சுற்றிக் கொஞ்சம் பஞ்சு வைக்கலாம். சைனென்ஸ் பூ தலை கவிழ்ந்து, பச்சை கலந்த வெள்ளையாக, ஒரே கணுவில் இரண்டு மூன்றாகத் தொங்கும். உள்ளே மகரந்தப்பை ஊதா நிறத்தில் இருந்து, வெடித்ததும் ஓரத்தில் வெள்ளைப் பொடி தெரியும். பெரும்பாலும் சூலக முனை மகரந்தப்பையைத் தாண்டி நீட்டிக்கொண்டிருப்பதால் தானாகப் பொடி விழாமல் போகலாம், அதனால் காலையில் பையோடு சேர்த்துக் கிளையை விரலால் மெல்லச் சுண்டிவிடுங்கள். பிஞ்சு பட்டாணி அளவு வந்ததும் பையை எடுத்துவிட்டு, காம்பில் சிவப்பு நூல் கட்டிவிடுங்கள். விதைக்காய் அதுதான் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரிய வேண்டும், இல்லாவிட்டால் குழம்புக்குப் போய்விடும். ஒரே செடியோடு நிறுத்தாமல் ஐந்தாறு செடியில் இப்படிச் செய்து விதையைக் கலந்து வைத்தால் ரகம் வலுவாக இருக்கும்.

காய் முழுக்கப் பழுத்து, லேசாகச் சுருங்கத் தொடங்கும்போது பறிக்க வேண்டும். கையுறை கட்டாயம். சாதா மிளகாயில் காரம் நடுநரம்பில்தான் சுரக்கும். பூத் ஜொலோகியா போன்றவற்றில் காயின் உள்சுவர் முழுக்கவும் காரப்பைகள் இருப்பதை நியூ மெக்சிகோ குழு 2015-ல் காட்டியது, அதனால் எங்கே தொட்டாலும் எண்ணெய் விரலில் ஏறும். காற்றோட்டமான இடத்தில் கீறி, கத்தி முனையால் விதையைத் தட்டில் தள்ளுங்கள். டிஷ்யூ காகிதத்தில் போட்டால் ஒட்டிக்கொள்ளும், பீங்கான் தட்டுதான் நல்லது. நேர்வெயில் வேண்டாம், நிழலில் ஒரு வாரம் உலரட்டும், வளைத்தால் வளையாமல் படக்கென்று ஒடிய வேண்டும். உங்களுக்கு வந்த விதையின் ஆரோக்கியத்தில் சந்தேகம் இருந்தால் விதைக்கும் முன் 51, 52 டிகிரி வெந்நீரில் அரை மணி நேரம் வைத்தெடுப்பது பாக்டீரியா இலைப்புள்ளிக்கு உதவும். வெப்பமானி இல்லாமல் இதைச் செய்யாதீர்கள், விதை வெந்துவிடும். பழைய விதையை இப்படிச் செய்தால் முளைப்பு குறையும். அப்படி வந்த செடியை முதல் பருவம் முழுக்க மற்ற மிளகாய், தக்காளியிலிருந்து தள்ளி வையுங்கள், இலையில் தேமலோ சுருக்கமோ தெரிந்தால் அதிலிருந்து யாருக்கும் விதை தராதீர்கள்.

கொடுக்கும்போது பொட்டலத்தில் ரகம், புறப்பட்ட ஊர், உங்களுக்குத் தந்தவர் வழி, உங்கள் ஊர், காய்த்த வருஷம், வலையிட்டதா திறந்ததா என்பதை எழுதுங்கள். திறந்தது என்றால் ‘திறந்தது’ என்றே எழுதிக் கொடுங்கள், அதில் வெட்கமில்லை, வாங்குகிறவர் சமையலுக்கு வளர்ப்பார், விதைக்கு வைக்கமாட்டார். எல்லாவற்றையும் கொடுத்துவிட வேண்டாம். நன்றாக உலர்ந்து, காற்றுப் புகாத டப்பாவில் குளிர்பெட்டியில் இருக்கும் மிளகாய் விதை மூன்று நாலு வருஷத்துக்குத் தாராளமாக முளைக்கும். ஒரு பங்கை அப்படி எடுத்துவைத்துவிட்டு மீதியை, ஒரே ஆளுக்கு அள்ளிக் கொடுக்காமல், வெவ்வேறு ஊரில் இருக்கிற மூன்று பேருக்குப் பத்துப் பத்தாகக் கொடுங்கள். அவர்களில் ஒருவராவது அடுத்த வருஷம் வலைப்பை கட்டுவாரா என்று கொடுக்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.